நம்ம ஸ்டாப்பில் நிறுத்தாதீர்கள், அப்பா

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையால் என் தலையைத் தடவிவிட்ட என் அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் முதலில் கை வருகிறது. கேட்கலாமா? போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பார்கள். நீங்கள் இருக்கிற இடம் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. காமயகவுண்டன்பட்டியில் தென்னை மட்டை விழாத கூரை இல்லை. கரண்டு போய்ப் போய் வருகிறது. திராட்சை இந்தத் தடவை பரவாயில்லை என்கிறார்கள். கம்பத்துக்கு வெளியே போட்ட பைபாஸில் கேரளா போகிற கார்களும் லாரிகளும் ஊரைத் திரும்பியும் பார்க்காமல் பறக்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பீர்கள். "ஊருக்குள்ள வராம எங்கன போறாக இம்புட்டு அவசரமா?" என்று உங்கள் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் வண்டியைப் பற்றி. தார் ரோட்டில் ஓடிய வண்டியை அரசாங்கம் எப்போதோ ஏலம் விட்டிருக்கும். நான் சொல்வது லேப்டாப்பில் ஓடுகிற வண்டி. ஆமாம் அப்பா, அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் ரிட்டையர் ஆன பிறகு உங்களை வீட்டில் வைத்துச் சமாளிப்பது எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது, நினைவிருக்கிறதா? தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். காலையில் எழுந்ததும் காக்கிச் சட்டையைத் தேடுவீர்கள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். "ஏங்க, பிரேக்க விடுங்க, குழம்பு ஆறுது" என்று அம்மா கேலி செய்வாள்.

பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் பீரோ மேலே தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, முதலில் ஒரு பஸ் ஓட்டுகிற கேமைப் போட்டுக் கொடுத்தேன். ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். "பூராம் வெள்ளக்கார ரோடு ஆத்தா. ஒரு மாடுகூடக் குறுக்க வரல" என்றீர்கள். அதன் பிறகுதான் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் வந்தது. இதில் உலகம் முழுவதும் இருக்கிறது, நம் பள்ளத்தாக்கும் இருக்கிறது என்றபோது நீங்கள் நம்பவில்லை. தேனிக்கு மேலே விமானத்தைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் மலை. கீழே நூல் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "இது வீரபாண்டி வளைவுல்ல?" என்றீர்கள்.

அன்றிலிருந்து நீங்கள் பைலட். வாழ்நாளில் விமானத்தில் கால் வைக்காத பைலட். ஆகாயம் அத்தனையும் சும்மா கிடக்க, ரோட்டுக்கு நேர் மேலேயே போகிற பைலட் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். குறுக்கே போனால் என்னப்பா, மேலே ஏது ரோடு என்று கேட்டேன். "அப்ப இடையில நிக்கிறவுகள யாரு ஏத்துறது?" என்றீர்கள். ஓட்டுகிற காலத்திலும் உங்கள் பெருமை அதுதானே. கை காட்டியவரை விட்டுவிட்டுப் போனதில்லை என்று கல்யாண வீட்டிலும் சொல்வீர்கள், எழவு வீட்டிலும் சொல்வீர்கள்.

பேட்டரி செத்து வயரில் மட்டுமே ஓடுகிற அந்த லேப்டாப்பின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். சிமுலேட்டர் பூமியை ஒரேயடியாகக் காட்டாது. சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கும். விமானம் ஒரு சதுரத்தைத் தாண்டும்போது அடுத்ததை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்துத் திரையில் விரிக்க வேண்டும். வயலும் கரடும் என்றால் சட்டென்று வந்துவிடும். வீடுகள் நெருங்கிய ஊர் என்றால் நம் கிழட்டு லேப்டாப் திணறும். முதலில் மரங்கள் வரும். கீழே தரை வந்திருக்காது. வெள்ளையாக, ஒன்றுமே இல்லாத இடத்தில் மரங்கள் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் திரை அப்படியே உறைந்துபோகும். எஞ்சின் சத்தம் மட்டும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு, டுர்ர்ர் டுர்ர்ர் என்று திரும்பத் திரும்பக் கேட்கும்.

வேறு யாராக இருந்தாலும் எரிச்சலில் மூடி வைத்திருப்பார்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டீர்கள். "நியூட்ரல்ல நிக்கிது. ஆளு ஏறட்டும்" என்றீர்கள்.

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். வீடுகள் நெருங்கினால் உங்கள் வண்டி நிற்கும். கொஞ்சம் செட்டிங்ஸை மாற்றினால் நிற்காமல் போகும், செய்து தரட்டுமா என்று நான் கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது உங்களுக்கு. "எதச் சரி பண்ணப் போற? ஆளு ஏறுறதையா?" அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

யாரப்பா ஏறியது என்று விளையாட்டாகக் கேட்பேன். விளையாட்டாகவே பெயர் சொல்வீர்கள். வீரபாண்டியில் பூக்கூடையோடு ராக்கம்மா. சின்னமனூரில் வெற்றிலைக் கட்டோடு சீனியப்பன். உத்தமபாளையத்தில் சைக்கிள் கடை காதர் பாய். உங்கள் பஸ்ஸில் தினமும் வந்துபோனவர்கள், பழைய நினைப்பில் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பம் தாண்டி வருகிற நம் ஊரில் மட்டும் வண்டி நிற்காது. சிமுலேட்டரில் நம் ஊரே கிடையாது. காமயகவுண்டன்பட்டி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் துணியை விரித்த மாதிரி வெறும் தரை, அங்கங்கே தென்னை. வீடில்லை, தெருவில்லை, கோயிலும் இல்லை. எடுத்து விரிக்க ஒன்றும் இல்லாததால் விமானம் வழுக்கிக்கொண்டு போய்ச் சுருளி மலைப்பக்கம் திரும்பிவிடும். அத்தோடு நீங்கள் மூடிவிடுவீர்கள். தரை இறங்கியதே இல்லை. நம் மாவட்டத்தில் விமானம் இறங்க ஏது இடம்?

ஒருநாள் அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ஊர் ஊரா ஏத்துறீக. ஏறுனவுக எல்லாம் எங்கன எறங்குறாக?"

நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எறங்குற ஸ்டாப்பு இதுல இல்ல" என்றீர்கள்.

நான் அப்போது சிரித்தேன், அப்பா. அம்மா சிரித்தாளா என்பது ஞாபகம் இல்லை.

தை மாதம் ஒரு காலையில் நீங்கள் போனீர்கள். இட்லி சாப்பிட்டு, காப்பி குடித்து, வண்டியை எடுத்திருக்கிறீர்கள். நான் கம்பத்தில் இ-சேவை மையத்தில் யாருக்கோ வருமானச் சான்றிதழ் பதிந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. அம்மா டம்ளரை எடுக்க வந்தபோது நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்களாம். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம். தூக்கத்தில் போவது மாதிரி போயிருக்கிறார் என்றார் டாக்டர். அது தூக்கம் இல்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நீங்கள் எதற்கு அப்படிச் சாய்ந்து உட்காருவீர்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும்தானே தெரியும்.

கருமாதி முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிய பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அம்மா அழுது ஓய்ந்து ஒரு மூலையில் கிடந்தாள். ஒரு மதியம் நான் சாப்பிட வந்தபோது, "உங்கப்பா வண்டியக் கொஞ்சம் எடேன்டி" என்றாள்.

நீங்கள் ஒவ்வொரு ஸ்டாப்பாகப் புள்ளி வைத்துச் சேமித்த வழி அப்படியே இருந்தது. ஆட்டோபைலட்டைப் போட்டால் யாரும் தொட வேண்டாம், அதுவாகவே போகும். திரையில், ஆள் இல்லாத சீட்டுக்கு முன்னால் விமானத்தின் கைப்பிடி தானாக இடமும் வலமும் திரும்புவதை முதல் தடவை பார்த்தபோது நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அம்மா மட்டும் முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவள் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டாள். சரி, மனசு ஆறட்டும் என்று தினமும் மதியம் ஒரு டிரிப் வழக்கமாகிவிட்டது.

திரை உறைகிறபோது அம்மா பெயர் சொல்ல ஆரம்பித்தாள். "ராக்கம்மா வாரா. கூடைய மேல ஏத்தச் சொல்லு." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ராக்கம்மா செத்து எம்புட்டு நாளாச்சு? நீ சொல்லுற ஆளு ஒருத்தரும் இப்ப இல்லையேம்மா" என்றேன்.

"உங்கப்பா மட்டும் உசுரோட இருக்குற ஆளு யாரையாச்சும் ஏத்துனாகளா? யோசிச்சுப் பாரு" என்றாள்.

யோசித்தேன். ராக்கம்மா, சீனியப்பன், காதர் பாய், தேனியில் டீ போட்ட நாயர். நீங்கள் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். அப்பா, நீங்கள் தெரிந்துதான் ஏற்றினீர்களா? எங்களிடம் சொல்லாமல் இருந்தீர்களா?

அதற்கப்புறம் பெரியம்மா விஷயம். உத்தமபாளையத்தில் இருந்த அம்மாவின் அக்காவைத்தான் சொல்கிறேன். வைகாசியில் ஒரு மதியம் உத்தமபாளையத்தில் வண்டி நின்றது. அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "அக்கா ஏறுது" என்றாள். "பெரியம்மா நல்லாத்தானே இருக்காக" என்று நான் கத்தினேன். நான் ஆபீஸுக்குத் திரும்புவதற்குள் உத்தமபாளையத்திலிருந்து போன் வந்துவிட்டது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, வயதும் ஆகியிருந்தது, உடம்புக்கு முடியவில்லை என்று அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன்.

எழவு வீட்டிலிருந்து திரும்பி வரும்போதுதான் அம்மா அதைச் சொன்னாள். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவது மாதிரி சொன்னாள். "உங்கப்பா போன அன்னிக்கு வண்டி நம்ம ஊர்லதான் நின்னுச்சு. பச்சத் தரையும் தென்னமரமுமா. டுர்ருன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாந்தேன் வயரப் புடுங்குனேன்."

நம் ஊரில் நிற்க வேண்டிய காரணமே இல்லையே, அப்பா. விரிக்க வேண்டிய வீடு ஒன்றுகூட அங்கே இல்லையே.

அதிலிருந்து அம்மா கிளம்பத் தயாராகிவிட்டாள். மதியம் ஆனால் தலை சீவி, நீங்கள் வாங்கிக் கொடுத்த கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் மஞ்சப்பையோடு லேப்டாப் முன்னால் உட்காருவாள். பைக்குள் ஒரு மாற்றுச் சேலை, தண்ணீர் பாட்டில், வெற்றிலை பாக்கு. எங்கே அம்மா கிளம்பிவிட்டாய் என்று கேட்டால், "நம்ம ஸ்டாப்புல நின்னா ஏறிக்கிறேன்" என்பாள். முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி இருப்பாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. இதயத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். "போற வழியில எதுக்கு அது" என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். உங்கள் பெண்டாட்டி பிடிவாதம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

லேப்டாப்பை எடுத்து ஒளித்து வைத்தேன். அம்மா பேசுவதை நிறுத்தினாள், பிறகு சாப்பிடுவதை நிறுத்தினாள். வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்து வைத்தேன். அன்றைய டிரிப்பில் கம்பம் தாண்டி, நம் ஊருக்கு மேலே வரும்போது, திரை லேசாக ஒரு வெட்டு வெட்டியது. பிரேக்கில் கால் வைத்துப் பார்ப்பீர்களே, அந்த மாதிரி. மறுநாள் கொஞ்சம் கூடுதலாக வெட்டியது. அம்மா பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

அப்போதுதான் முடிவெடுத்தேன். உயிரோடு இருந்தபோது நீங்கள் செய்ய விடாததைச் செய்துவிடுவது. வண்டி எந்த ஊரிலும் நிற்காத மாதிரி ஆக்கிவிடுவது. உங்கள் வழிக்கு ஒரு பைபாஸ் போடுவது.

எஃப்.சி. சோதனைக்கு விடுகிற பஸ்ஸைப் பிரிப்பீர்களே, அப்படி அந்த லேப்டாப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் போட்டேன். காற்றாடியில் அடைத்திருந்த தூசியை எடுத்தேன். லேப்டாப் சூடானாலே பாதி வேகம் போய்விடும். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுத் தேனியில் வாங்கிய எஸ்.எஸ்.டி.யை மாட்டினேன். பழையதில் தட்டு சுற்றிச் சுற்றித் தேட வேண்டும், இதில் கேட்டவுடன் வந்துவிடும். ராம் ஒன்று கூடுதலாகப் போட்டேன். பின்னால் சத்தமில்லாமல் ஓடுகிற புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினேன். சிமுலேட்டர் ஒவ்வொரு சதுரத்தையும் எடுக்கும்போது ஆன்டிவைரஸ் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது, அதற்கும் விலக்கு கொடுத்தேன்.

பிறகு செட்டிங்ஸ். நிழலை எடுத்தேன். மேகத்தைக் குறைத்தேன். தூரத்து மலைகளை மங்கலாக்கினேன். ஊர்களில் வீடுகளின் நெருக்கத்தைப் பாதிக்கு மேல் குறைத்தேன். உங்கள் சின்னமனூரும் உத்தமபாளையமும் சந்தை முடிந்த திடல் மாதிரி ஆகிவிட்டன. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். வீரபாண்டி, எண்ணெய் தடவின மாதிரி போனது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், ஒன்றிலும் நிற்கவில்லை. எனக்கே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நம் ஊர் வந்தது. டுர்ர்ர். நின்றுவிட்டது.

முன்பு நின்ற ஊர்கள் ஒன்றிலும் நிற்காமல், ஒன்றுமே இல்லாத நம் ஊரில் நிற்கிறது. மலைப்பக்கம் திரும்புகிற இடம், மலைக்காடு மொத்தமும் ஒரே நேரத்தில் திரைக்கு வருகிறது, அதனால் திணறுகிறது என்று நினைத்தேன். மரங்களை மொத்தமாக எடுத்துவிட்டேன். நம் ஊர்த் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மொட்டைத் தரை. திரும்ப ஓட்டினேன். திரும்ப நின்றது. அந்த டுர்ர்ர் சத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது, பட்டப்பகலில், வாசல் கதவு திறந்து கிடக்க, என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சென்று சாய்கிற சத்தம் கேட்டது. காற்று என்று வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சின்னமனூருக்குப் போனேன். உங்கள் கண்டக்டர் பெருமாள் மாமாவைப் பார்க்கத்தான். கண்புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிறுக்கு என்று நினைப்பாரோ என்று பயந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"சின்னமனூர்ல இப்ப நிக்கிதா, ஆத்தா?"

"இல்ல மாமா. எஸ்.எஸ்.டி. மாட்டுனதுக்கு அப்புறம் நிக்கிறதில்ல."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்" என்று மூச்சை விட்டார். "உங்கப்பன் இருக்கானே, கை காட்டுன ஆள விட மாட்டான். வண்டி பிதுங்கி வழிஞ்சாலும் பிரேக்கப் போடுவான். நாங்க ரெண்டு பேரும் அதுக்காகச் சண்ட போடாத நாளில்ல."

"அப்ப என்னதான் மாமா செய்யிறது?"

"ரெண்டு விசில் குடுத்தா நிக்க மாட்டான். அது ஒண்ணுதேன். வண்டி டிரைவரோடதுதேன், ஆனா கண்டக்டர் ரைட் குடுத்துட்டா அதுக்கு மேல பேச்சில்லம்பான். வாய்க்கு வந்தபடி வைவான், ஆனா வண்டிய எடுத்துருவான். இப்ப அந்த வண்டியில கண்டக்டர் யாரு?"

"யாருமில்ல மாமா."

"அதேன் நிக்கிறான். யாராச்சும் ரைட் குடுக்கட்டும்னு நிக்கிறான்."

உள்ளே போய் அவருடைய விசிலைத் தேடி எடுத்து வந்தார். கறுப்புக் கயிறு கட்டிய பித்தளை விசில். என் கையில் வைத்து மூடினார். "பாத்துக்க ஆத்தா, ஒண்ணு ஊதுனா நிறுத்துவான். ரெண்டு. மறந்துறாத" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பக் கூப்பிட்டார். "என்னயக் கேட்டான்னா வீட்ல இல்லன்னு சொல்லிரு" என்று சிரித்தார். சிரிப்பு முழுசாக வரவில்லை.

நேற்று மதியம் வண்டியை எடுத்தேன். வெளியே காற்று ஓலமிட்டது. அம்மா பச்சைச் சேலையில், பையோடு உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டியில் நிற்காமல் போனபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்னமனூர் போனது. உத்தமபாளையம் போனது. "ஒரு எடத்துலயும் நிக்கலயே. நேரா நம்ம ஊருக்குத்தேன் வாராக" என்றாள். நான் அத்தனை ஸ்டாப்பையும் எடுத்தது இதற்குத்தானா? உங்களுக்கு வழியைச் சீக்கிரமாக்கிக் கொடுத்துவிட்டேனா?

கம்பம் தாண்டியது. மொட்டைப் பச்சைத் தரை வந்தது. டுர்ர்ர்.

அம்மா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மெயின் ரோட்டில் நின்று கை காட்டுவது மாதிரி, வலது கையை நீட்டிக் காட்டினாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவள் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. இடது கையால் நெஞ்சைப் பிடித்திருந்தாள்.

விசிலை வாயில் வைத்தேன். மூச்சு வரவில்லை, அப்பா. முதல் தடவை வெறும் காற்றுதான் போனது. ஒன்று ஊதி நின்றுவிடுவேனோ என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து இழுத்து, இரண்டு தடவை ஊதினேன்.

சத்தம் நிற்கவில்லை. நீங்கள் கண்ணாடியில் பார்த்தீர்களா? யாருடா புதுக் கண்டக்டர் என்று பார்த்தீர்களா? திரும்பவும் இரண்டு ஊதினேன். "ரைட்டுப்பா! ரைட், ரைட்!" என்று கத்தினேன்.

டுர்ர்ர் அறுந்தது. கைப்பிடி திரும்பியது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, சுருளி மலையைப் பார்த்துப் போனது.

அம்மா நீட்டிய கையோடு நின்றாள். "என்னடி பண்ணுன?"

"ரைட் குடுத்தேன்."

"நான் ஏறுறதுக்குள்ளயா?"

"எடமில்லம்மா. வண்டி ஃபுல்லு."

என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். விசிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பெருமாளண்ணன் விசில்தானே என்று கேட்டாள். தலையாட்டினேன். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.

"சரி விடு. அடுத்த வண்டிக்குப் பாத்துக்குவோம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த மாத்திரைய எங்கன வச்ச?" என்று கேட்டாள்.

நேற்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார். இன்று காலை கஞ்சி குடித்தாள். கிளிப்பச்சைச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள், காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மஞ்சப்பையைப் பிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

அப்பா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தனியாகப் போக முடியாமல்தானே இந்தச் சுற்றுச் சுற்றுகிறீர்கள்? உங்களுக்கு வண்டி நிறைய ஆள் இருக்கிறார்கள். எனக்கு அம்மா ஒருத்திதான். கை காட்டினவரை விட்டுப் போனதில்லை என்கிற உங்கள் பெருமையை ஊரே பேசட்டும், நானும் பேசுகிறேன். இந்த ஒரு ஆளை மட்டும் பார்க்காத மாதிரி போய்விடுங்கள். அவள் கை காட்டுவாள். இன்னும் பல தடவை காட்டுவாள். நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

வண்டியை நான் நிறுத்த மாட்டேன். தினமும் மதியம் எடுப்பேன், விசில் என் கழுத்தில் இருக்கும். அம்மாவின் நேரம் உண்மையாகவே வருகிற அன்று, பழைய ஹார்டு டிஸ்கை நானே மாட்டுகிறேன். எடுத்த வீடுகளையும் தென்னைகளையும் திரும்ப வைக்கிறேன். அவள் பையை என் கையாலேயே தூக்கித் தருகிறேன். ஒரே ஒரு விசில் ஊதுகிறேன். அன்றைக்கு நம்ம ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள்.

அதுவரைக்கும் இரண்டுதான், அப்பா. ரைட், ரைட்.

உங்கள் வண்டிக்குக் கண்டக்டராகிவிட்ட மகள்,
செல்வி